ரவுட்டரில் செருகிய டிஸ்க்கைப் புது விண்டோஸ் திறக்கவில்லை: எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணலாமா?

கேள்வி, 3 ஆகஸ்ட் 2025

வீட்டில் ஒரு விண்டோஸ் 11 லேப்டாப், மகளுடைய மேக்புக், சும்மா கிடந்ததால் லினக்ஸ் போட்டு வைத்த பழைய டெஸ்க்டாப், நாலு போன். ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் யுஎஸ்பி துளையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, போட்டோ, பாட்டு, பத்திர ஸ்கேன் என்று எல்லாரும் அதில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தோம். புது லேப்டாப் மட்டும் அந்த டிஸ்க்கைத் திறக்கவில்லை. கடைப் பையன் "எஸ்எம்பி 1 ஆன் பண்ணுங்க சார், சரியாயிடும்" என்கிறான். பண்ணலாமா?

3 ஆகஸ்ட், இரவு 9.40

பண்ணாதீர்கள்.

எஸ்எம்பி என்பது ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றின் ஃபோல்டரைத் திறந்து பார்க்கப் பயன்படும் நெறிமுறை. அதன் முதல் பதிப்பான எஸ்எம்பி 1 1980-களில் ஐபிஎம்மில் பிறந்தது. அலுவலகத்துக்குள் இருக்கும் பத்துக் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் காலத்துக்கு அது போதுமாக இருந்தது. 2017 மே 12 அன்று கோப்பைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது விண்டோஸில் இருந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லாமலே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானாகத் தாவியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள்.

அதற்குப் பிறகு எல்லாருமே இதைக் கழற்றிவிட்டார்கள். விண்டோஸ் 2017-இன் கடைசியிலிருந்து எடுக்க ஆரம்பித்தது. லினக்ஸ் பக்கத்தில் எஸ்எம்பி பேசும் மென்பொருளான சாம்பா 2019-இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து அதை அணைத்தே தருகிறது. அணைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பத்திர ஸ்கேன் இருக்கும் வீட்டில் அதைத் திரும்ப ஆன் பண்ணுவது எனக்குச் சம்மதமில்லை.

3 ஆகஸ்ட், 10.15

இன்னொன்று. திறக்கவில்லை என்றால் என்ன செய்தி காட்டுகிறது? அதை அப்படியே எழுதுங்கள். "பழைய எஸ்எம்பி 1 வேண்டும்" என்று சொல்வது ஒரு வியாதி. "அடையாளம் காட்டாத விருந்தினருக்கு அனுமதி இல்லை" என்று சொல்வது வேறு வியாதி. இரண்டுக்கும் ஒரே மாத்திரை கிடையாது.

4 ஆகஸ்ட்

நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது செய்தி. அப்படியென்றால் எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணியிருந்தாலும் அந்த டிஸ்க் திறந்திருக்காது. பாதுகாப்பு போயிருக்கும், வேலையும் நடந்திருக்காது.

நடப்பது இதுதான். உங்கள் ரவுட்டர் அடுத்த பதிப்பான எஸ்எம்பி 2 பேசுகிறது, ஆனால் யார் வந்தாலும் பெயர் கேட்காமல் உள்ளே விடுகிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், அதுவும் புரோவில், இப்படிப் பெயர் கேட்காத இடத்துக்குப் போவதை விண்டோஸே தடுக்கிறது. அதோடு ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் கையொப்பம் வேண்டும் என்றும் கேட்கிறது. நடுவில் யாரும் புகுந்து மாற்றவில்லை என்பதற்கான கையொப்பம் அது. பாஸ்வேர்டு இல்லாத விருந்தினருக்குக் கையொப்பம் போட வழியே இல்லை. பாஸ்வேர்டிலிருந்துதான் அதற்கான சாவியே உருவாகிறது.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஸ்க்குக்குப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வைக்க இடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது முதல் முயற்சி.

இந்தக் கையொப்பக் கட்டாயத்தை அணைத்துவைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. அணைத்தால் வீட்டில் மட்டும் அணையாது. கல்லூரி வைஃபையிலும் லாட்ஜ் வைஃபையிலும் அதே லேப்டாப்தான் அணைந்த நிலையில் உட்கார்ந்திருக்கும்.

6 ஆகஸ்ட்

பாஸ்வேர்டு வைத்தும் போகவில்லை என்றால் ரவுட்டரின் மென்பொருளுக்குக் கையொப்பம் போடத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். விட்டுவிடுங்கள். ரவுட்டரின் வேலை ரவுட்டர் வேலை. உங்களிடம் லினக்ஸ் டெஸ்க்டாப் இருக்கிறதே, அதை வீட்டுக்குக் கோப்பு வைக்கும் இடமாக்குங்கள். என் வீட்டிலும் பாளையங்கோட்டையில் அப்பா வீட்டிலும் பல வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

9 ஆகஸ்ட், காலை

அந்த டெஸ்க்டாப்பில் சாம்பா போடும்போது ஆட்கள் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன், மற்றது எல்லா வழிகாட்டியிலும் இருக்கிறது.

லினக்ஸில் உங்களுக்கு இருக்கும் பாஸ்வேர்டு வேறு, சாம்பா வைத்திருக்கும் பாஸ்வேர்டு வேறு. விண்டோஸ் அனுப்பும் சங்கேத முறையும் லினக்ஸ் சேமிக்கும் முறையும் ஒத்துப்போகாததால் சாம்பா தனக்கென்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அதில் ஆளைச் சேர்க்கத் தனிக் கட்டளை இருக்கிறது. அதை ஓட்டாமல் "பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன், ஏற்கவில்லை" என்று புலம்புபவர்களே அதிகம்.

அடுத்தது, சாம்பா அனுமதித்தாலும் லினக்ஸ் அனுமதிக்க வேண்டும். வாசல் கேட் ஒன்று, அறைக்கதவு ஒன்று. இரண்டும் திறந்தால்தான் உள்ளே போகலாம். வீட்டுக்குள் சுலபமான வழி: எல்லாரும் தனித்தனிப் பெயரில் நுழையட்டும், ஆனால் பொது ஃபோல்டருக்குள் போய்விட்டால் எல்லாக் கோப்பும் ஒரே பயனரின் பெயரில் எழுதப்படட்டும். சாம்பா அமைப்புக் கோப்பில் அந்த ஃபோல்டரின் கீழ் 'ஃபோர்ஸ் யூசர்' என்று ஒரு வரி போதும். மகள் போட்ட கோப்பை அம்மா திருத்த முடியவில்லை என்ற சண்டை வராது.

டிஸ்க்கை லினக்ஸின் கோப்பு முறையான எக்ஸ்ட்4 ஆக்குங்கள். பழைய டிஸ்க் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது, கல்யாண வீடியோ எல்லாம் அங்கேதான் நிற்கும். எக்ஸ்ட்4 ஆக்கினால் உள்ளிருப்பது எல்லாம் அழியும், முதலில் வேறிடத்தில் நகல் எடுங்கள்.

9 ஆகஸ்ட், மாலை

"எதற்கு லினக்ஸ்? விண்டோஸ் லேப்டாப்பிலேயே ஒரு ஃபோல்டரை ஷேர் பண்ணினால் போச்சு" என்று ஒருவர் கேட்கிறார். போகும். ஆனால் லேப்டாப்பை மூடினால் வீடு முழுக்க ஃபோல்டர் மூடிவிடும். அடுத்தது பின் நம்பர் விவகாரம். விண்டோஸில் நாலு இலக்கப் பின் போட்டு நுழைந்து பழகியவர்கள் மேக்கிலிருந்து இணைக்கும்போதும் அதையே அடிக்கிறார்கள். அந்தப் பின் நம்பர் அந்த ஒரு கருவிக்கு மட்டும்தான், நெட்வொர்க்கில் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழுப் பாஸ்வேர்டுதான் கேட்கும், அது வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. ஷேர் பண்ணுவதற்கென்றே ஒரு உள்ளூர்ப் பயனரை உண்டாக்கிக்கொள்வது நல்லது.

விண்டோஸின் பழைய பகிர்வு வசதியான ஹோம்குரூப்பைத் தேடுபவர்களுக்கு: அது 2018-லேயே விண்டோஸ் 10-இலிருந்து போய்விட்டது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

12 ஆகஸ்ட்

"நெட்வொர்க் பட்டியலில் டெஸ்க்டாப் தெரியவே இல்லை." தெரியாமல் இருப்பதும் திறக்காமல் இருப்பதும் வேறு வேறு. முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக்கோடு போட்டு 192.168.1.20 போல அதன் எண்ணை நேராக அடித்துப் பாருங்கள். திறந்தால் சாம்பாவில் எந்தக் குறையும் இல்லை. பட்டியலில் வர விண்டோஸ் இப்போது வேறொரு அறிவிப்பு முறையைக் கேட்கிறது. லினக்ஸில் அதற்கு டபிள்யூஎஸ்டிடி என்ற சின்ன நிரல் இருக்கிறது, போட்டால் தலைகாட்டும். மேக்குக்கு அவாஹி என்ற நிரல் போதும். அந்த எண் நாளைக்கு மாறிவிடாமல் இருக்க, ரவுட்டரிலேயே டெஸ்க்டாப்புக்கு நிலையாக ஒதுக்கிவிடுங்கள்.

12 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழித்து

எண் அடித்தும் திறக்கவில்லையா? இரண்டு கருவிகளின் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 192.168.1 என்றும் இன்னொன்று 192.168.0 என்றும் தொடங்குகிறதா? ஃபைபர்காரர் வைத்த பெட்டியும் வைஃபை கொடுக்கிறது, நீங்கள் வாங்கிய ரவுட்டரும் வைஃபை கொடுக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு நெட்வொர்க். மாடிக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. இணையம் இரண்டிலும் வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. உங்கள் ரவுட்டரை வெறும் வைஃபை முனையாக, ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும். விருந்தினர் வைஃபையில் ஏறிய போனும் இப்படித்தான், அது வீட்டுக்குள் இருக்கும் எதையும் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

13 ஆகஸ்ட்

வேகம் பற்றிக் கேட்டவருக்கு. நொடிக்கு 11, 12 எம்பியில் அப்படியே நிற்கிறது என்றால் சாம்பாவைக் குறை சொல்லாதீர்கள், கேபிளைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் (இது மெகாபிட் கணக்கு, எட்டு பிட் ஒரு பைட்) இணைப்பின் உச்சம் அதுதான். கிகாபிட் என்றால் 110 பக்கம் வர வேண்டும். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். வயரிங் பண்ணியவர் நாலு கம்பியை மட்டும் முனையில் செருகி விட்டுப் போயிருப்பார்.

17 ஆகஸ்ட்

"சாம்பா எல்லாம் காப்பியடித்த ஒட்டு வேலை, ஒரிஜினல் விண்டோஸ் சர்வர் மாதிரி வருமா?" என்று ஒருவர். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், எனக்கு இது முக்கியம்.

1991 டிசம்பர். கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் ஆராய்ச்சி மாணவர். தன் டாஸ் கம்ப்யூட்டரிலிருந்து யுனிக்ஸ் இயந்திரத்தின் டிஸ்க்கைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய தேவை. நம்மில் பலருக்கும் இருக்கும் தேவை. டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் மென்பொருள் அந்த வேலையைச் செய்தது, ஆனால் அது பேசும் முறைக்கு அவர் கையில் ஆவணம் இல்லை. கம்பியில் ஓடும் பொட்டலங்களைப் பார்த்து, இதைக் கேட்டால் அது வருகிறது என்று ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு ஒரு சர்வர் எழுதினார். அது எஸ்எம்பி என்பதே அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. யாருடைய நிரலையும் எடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு மொழி கற்றுக்கொள்வதைக் காப்பி என்று சொல்ல மாட்டோம்.

அந்த ஆவணங்கள் சாம்பா குழுவின் கைக்கு முறையாக வந்தது 2007 டிசம்பரில். ஐரோப்பிய ஆணையம் 2004-இல் மைக்ரோசாஃப்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லி, நீதிமன்றம் 2007 செப்டம்பரில் அதை உறுதிசெய்த பிறகு, 10,000 யூரோ ஒருமுறைக் கட்டணம் கட்டிப் பெற்றார்கள். அதுவரை பதினாறு வருடம் பெரும்பாலும் கம்பியைப் பார்த்துத்தான் எழுதினார்கள். நம் வீடுகளில் மேக்கும் விண்டோஸும் லினக்ஸும் ஒரே ஃபோல்டரைத் திறக்கிறது என்றால் அந்த உழைப்பு அதில் இருக்கிறது.

ஓட்டையே இல்லாததும் அல்ல. வான்னாகிரை வந்த அதே 2017 மே மாதம் சாம்பாவிலும் பெரிய ஓட்டை ஒன்று வெளிவந்து அடைக்கப்பட்டது. அப்டேட் நின்றுபோன பழைய பெட்டிகளில் அது இன்னும் திறந்தே இருக்கும். ரவுட்டரை விடுத்து டெஸ்க்டாப்புக்கு வரச் சொன்னதற்கு இதுவும் காரணம். டெஸ்க்டாப்பை நீங்களே அப்டேட் செய்யலாம்.

24 ஆகஸ்ட்

இதை ஆங்கில வழிகாட்டி எதிலும் நான் பார்க்கவில்லை. கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள் நின்று படியுங்கள்.

மைத்துனர் தன் பழைய ஐமேக் டிஸ்க்கிலிருந்த படங்களையெல்லாம் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாக எங்கள் லினக்ஸ் பெட்டிக்கு அனுப்பினார். அத்தை வந்தபோது கோயில் கொடைப் படம் வேண்டும் என்றார்கள். "கொடை" என்று தேடினேன். ஒன்றும் இல்லை. "திருமணம்" தேடினால் வருகிறது. "காதுகுத்து" வருகிறது. "பொங்கல்" வரவில்லை. கண்ணுக்கு முன்னால் "பொங்கல் 2014" என்று ஃபோல்டர் இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. வராத பெயர்களை எழுதிப் பார்த்தால் கொடை, பொங்கல், கோயில், தோட்டம். எல்லாவற்றிலும் ஒற்றைக்கொம்போ இரட்டைக்கொம்போ போட்டுக் காலும் போடும் எழுத்து.

யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வோடு 'ொ' என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒன்று. 'க'வோடு கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது இன்னொன்று. 'கோ', 'கௌ' வகைக்கும் இதே. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை எல்லாப் பெயரையும் பிரித்துத்தான் சேமிக்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் நாம் பொதுவாக அடிப்பது சேர்ந்த வடிவம். லினக்ஸுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை, அதன் கணக்கில் இரண்டும் வேறு பெயர். ஒரே ஃபோல்டருக்குள் "கோயில்" என்று இரண்டு கோப்பு பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், இரண்டும் செல்லும்.

மேக்கிலிருந்து சாம்பா வழியாகச் சாதாரணமாக இழுத்துப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை, மேக் அனுப்பும்போது சேர்த்தே அனுப்பும். ஆர்சிங்க், என்எஃப்எஸ் போன்ற வழிகளில் பிரிந்தபடியே வந்து உட்கார்ந்துவிடும். பிறகு அதே பெயரை மேக்கில் சாம்பா வழியாகத் திறக்கப் போனால் பட்டியலில் தெரியும், கிளிக் பண்ணினால் இல்லை என்னும்.

மருந்து இருக்கிறது. லினக்ஸில் கான்வ்எம்வி என்ற கருவி. யுடிஎஃப்-8-இலிருந்து யுடிஎஃப்-8-க்கு, என்எஃப்சி (சேர்ந்த) வடிவத்தில் என்று சொன்னால் பிரிந்த பெயரையெல்லாம் சேர்த்துவிடும். முதலில் என்ன மாற்றப் போகிறது என்று காட்டும், மாற்றாது. 'நோடெஸ்ட்' என்ற சொல்லைச் சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும். புதிதாக ஆர்சிங்க் செய்பவர்கள் அதன் 'ஐகான்வ்' விருப்பத்தைப் போட்டால் வழியிலேயே சரியாகி வரும்.

24 ஆகஸ்ட், இரவு

ஒன்று விட்டுப்போனது. "கௌரி" ஆல்பம் மட்டும் கான்வ்எம்வி ஓட்டிய பிறகும் கிடைக்கவில்லை என்று எழுதியவர், அந்தப் பெயரில் இருப்பது ஔகாரக் குறியா, ஒற்றைக்கொம்பும் 'ள' எழுத்துமா என்று பாருங்கள். பலர் "கெளரி" என்றே அடிக்கிறார்கள், பார்வைக்கு அதேதான். அது பிரிந்த வடிவம் அல்ல, வேறு எழுத்து. எந்தக் கருவியும் திருத்தாது. கையால் பெயர் மாற்ற வேண்டும்.

25 ஆகஸ்ட்

தமிழ்ப் பெயரின் நீளம். விண்டோஸில் ஒரு பெயர் 255 குறிகள் வரை போகும். எக்ஸ்ட்4-இல் 255 பைட். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றே. தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக மூன்று. "பத்திரம்" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, டிஸ்க்குக்கு 24 பைட். ஆக 85 குறியோடு கதை முடிந்தது. பத்திரம் பதிந்த வருடம், சர்வே எண், விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர் எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதும் பழக்கம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உண்டு. அந்தக் கோப்பு விண்டோஸில் திறக்கும், சாம்பாவுக்கு நகல் எடுத்தால் நின்றுவிடும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் பிரித்து வையுங்கள்.

ஆங்கிலத்துக்கு மாறிவிடலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். நான் மாற மாட்டேன். அம்மா தேடி எடுப்பது தமிழ்ப் பெயரைப் படித்துத்தான். கம்ப்யூட்டர்தான் நமக்கு ஏற்ப வளைய வேண்டும், வளையவும் செய்கிறது.

பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி மட்டும் வேண்டாம். லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. விண்டோஸில் பார்த்தால் அந்தக் கோப்பு புரியாத குட்டிப் பெயரோடு நிற்கும்.

30 ஆகஸ்ட்

மகளின் மேக்புக்குக்கு. ஏஎஃப்பி என்ற ஆப்பிளின் சொந்த முறையைத் தேட வேண்டாம். 2013-இன் மேவரிக்ஸிலேயே மேக் எஸ்எம்பியை முதன்மையாக்கிவிட்டது, 2020-இன் பிக் சர்ரில் ஏஎஃப்பி வழியாகப் பகிரும் வசதியே போய்விட்டது. சாம்பாவில் 'ஃப்ரூட்' என்ற துணைநிரலை இயக்குங்கள். புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் குட்டிக் கோப்புகள் ஃபோல்டர் முழுக்க இறைபடாது. மேக்கின் காப்பு நகல் கருவியான டைம் மெஷினுக்கும் அதிலேயே வசதி உண்டு, 2018-இல் வந்த 4.8 பதிப்பிலிருந்து. அளவுக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். வைக்காவிட்டால் டைம் மெஷின் டிஸ்க் முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும்.

14 செப்டம்பர்

நெட்வொர்க் ஃபோல்டரில் அழித்தது விண்டோஸின் குப்பைத்தொட்டிக்குப் போகாது. அப்படியே போய்விடும். சாம்பாவில் 'ரீசைக்கிள்' துணைநிரல் இருக்கிறது, அழித்ததை ஒரு மறைவு ஃபோல்டரில் எடுத்து வைக்கும். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒருவருடைய பேரன் படங்கள் தப்பியிருக்கும் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. எல்லாரும் இன்றைக்கே போடுங்கள்.

பகிர்வது நகல் எடுத்து வைப்பது ஆகாது. லேப்டாப்பில் கோப்பைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால், அந்த லேப்டாப் எழுதக்கூடிய நெட்வொர்க் ஃபோல்டரையும் சேர்த்தே பூட்டும். பத்திர ஸ்கேன் இருக்கும் ஃபோல்டரை எல்லாருக்கும் படிக்க மட்டும் கொடுங்கள், எழுத ஒரே ஒரு பெயருக்கு. இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்துக் கழற்றி அலமாரியில் வையுங்கள். டெஸ்க்டாப்புக்கு ஒரு சின்ன யுபிஎஸ், நம் ஊர் மின்வெட்டுக்கு அது கட்டாயம்.

21 செப்டம்பர்

போன்கள். ஐபோனில் 2019-இன் ஐஓஎஸ் 13-இலிருந்து ஃபைல்ஸ் செயலியிலேயே சர்வரோடு இணைக்கலாம். ஆண்ட்ராய்டில் பாட்டும் படமும் பார்க்க விஎல்சி போதும், அதிலேயே உள்ளூர் நெட்வொர்க் என்ற பகுதி இருக்கிறது. வந்துபோகும் விருந்தாளியின் போனிலிருந்து பத்துப் படம் வாங்க வேண்டும் என்றால் சாம்பாவில் அவருக்குக் கணக்கு திறக்காதீர்கள், லோக்கல்செண்ட் செயலி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே வைஃபையில் இருந்தால் எல்லா வகைக் கருவியிலும் வேலை செய்யும், இணையம் வேண்டாம்.

21 செப்டம்பர், பிறகு

"வெளியூரிலிருந்தும் திறக்க ரவுட்டரில் எஸ்எம்பி பயன்படுத்தும் 445-ஆம் போர்ட்டைத் திறந்துவிடட்டுமா?" கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. உலகம் முழுக்க அந்த எண்ணைத் தட்டிக்கொண்டே இருக்கும் நிரல்கள் ஓடுகின்றன. வயர்கார்டு போல ஒரு விபிஎன் போட்டு வீட்டுக்குள் வந்து பிறகு ஃபோல்டரைத் திறங்கள். அதைப் போடும் விதத்தைத் தனியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.